நாற்பத்தொரு கதவுகள்

அந்த மருத்துவக் கல்லூரியில் படித்த யாரிடம் வேண்டுமானாலும் போய் ‘ஒருத்தர் மேடம்’ என்று சொல்லிப் பாருங்கள். தலை நரைத்த எலும்பு டாக்டராக இருந்தாலும் சரி, நேற்று வெள்ளைக் கோட்டு வாங்கிய பெண்ணாக இருந்தாலும் சரி, உடனே ஒரு சிரிப்பு வரும். சிரிப்பு முடிகிற இடத்தில் லேசாக ஒரு சங்கடமும் தெரியும். ஏனென்றால் அவர்கள் எல்லோருமே மேடத்தின் வகுப்பில் ஒரு மனிதரைக் கைதூக்கிக் கொன்றவர்கள்.

மேடம் நடத்தியது அறவியல் பாடம். உடம்பை அறுத்துப் படிக்கிற இடத்தில் மனசாட்சிக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, பாதி வகுப்பு கொட்டாவி விடுகிற நேரத்தில். இரண்டாம் மாடியின் கோடியில், எலும்புக்கூடுகளைப் பூட்டி வைக்கும் அறைக்குப் பக்கத்தில் அவருடைய அறை. ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, கால் குட்டையான நாற்காலி ஒன்று. நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த தடித்த புத்தகம் மேடமே எழுதியது. அதை உலகத்தில் பதினொரு பேர் படித்திருப்பார்கள் என்பார் மேடம். பத்துப் பேர் என்று திருத்துவாள் கூடவே வசிக்கும் தங்கை. அந்தப் பதினொன்றாவது ஆள் தான் இல்லை என்பதில் அவளுக்கு உறுதி உண்டு.

அந்தப் புத்தகம் முழுவதையும் பிழிந்தால் ஒரே ஒரு வாக்கியம்தான் சொட்டும்: எண்ணிக்கைக்கு முகம் கிடையாது, முகம் கொடுத்த பிறகு முடிவெடு. இதைத்தான் மேடம் இருபத்தாறு வருடங்களாகச் சொல்லிவந்தார். சொல்வதற்கு ஒரு உதாரணமும் வைத்திருந்தார். ஒரு மருத்துவமனை, அதில் ஒரே ஒரு சுவாச மெஷின். அந்த மெஷினில் ஒருத்தர் படுத்திருக்கிறார், வயதானவர், பிழைப்பது சந்தேகம். வாசலில் ஒரு இளம் தாயைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மெஷின் கிடைத்தால் அவள் பிழைத்துவிடுவாள். கழற்றுவீர்களா, மாட்டீர்களா? கழற்றலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

மாணவர்கள் படிப்பில் எப்படியோ, தப்பித்து ஓடுவதில் மன்னர்கள். அவருடைய சொந்தக்காரர்களிடம் கேட்டால் என்ன மேடம் என்று முதல் வருடமே ஒரு பையன் ஆரம்பித்தான். கஷ்டமான கேள்வியைச் சுலபமாக்கிவிட்டுப் போக மேடம் விடுவாரா? ‘அவருக்கு யாரும் கிடையாது’ என்றார். சரி, அவரையே கேட்டுவிடலாமே என்றாள் அடுத்த வருடம் ஒருத்தி. ‘அவர் தூங்குகிறார்.’ வேறு மெஷின்? ‘ஊரிலேயே இல்லை.’ கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால்? ‘மதியம் வரைதான் நேரம்.’ இப்படி ஒவ்வொரு கேள்வி வந்தபோதும் மேடம் அதைக் கதவு என்று பெயரிட்டு, ஒரு நீளமான நோட்டில் எண் போட்டு எழுதி, பக்கத்தில் அதை அடைத்த வாக்கியத்தையும் எழுதிவைத்தார். போன வருடம்வரை நாற்பத்தொரு கதவுகள் அடைபட்டிருந்தன. இந்த உதாரணத்துக்கென்று வருடத்துக்கு இரண்டு வகுப்புகள். இரண்டிலும் ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே போகும்.

வெறும் ஒருத்தர் என்றால் கொல்வது சுலபம் அல்லவா? அதனால் மேடம் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முகமும் கொடுத்தார். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். பிடி உடைந்து, செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குடை. பஸ் டிக்கெட்டை எறியாமல் நாலாக மடித்துச் சட்டைப்பையில் போடும் பழக்கம். பன்னிரண்டாவது வருடம் ஒரு மாணவன், இதற்கு முன்னால் அவருக்கு ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டபோது, வலது விலாவில் ஊக்குப் போல வளைந்த ஒரு தழும்பு இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொன்னதை நோட்டிலும் ஏற்றிவிட்டார். பிறகு அதுவும் பாடமாகிவிட்டது.

இவ்வளவோடு நின்றிருந்தால் நமக்கு இந்தக் கதை இல்லை. ஏழு வருடங்களுக்கு முன் கல்லூரி ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் மேடத்தைக் கூப்பிட்டு, மெஷின் போதாமல் போகும் காலம் வந்தால் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு விதி எழுதித் தரச் சொன்னார். மேடம் நோட்டைப் பார்த்து ஒரே மதியத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். உறவினர் எவரும் இல்லாத, நினைவு திரும்பாத, தேறும் வாய்ப்புக் குறைந்த நோயாளியிடமிருந்து, வேறு கருவி கிடைக்காத நிலையில், மூவர் குழுவின் கையெழுத்தோடு கருவியை எடுக்கலாம். மூவர் யாரென்றால் பெரிய டாக்டர், ஆஸ்பத்திரி வக்கீல், மேடம். மூன்று கையெழுத்தும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் எடுக்க முடியாது. இந்த விதி ஏழு வருடம் அலமாரியில் தூங்கியது.

பிறகு அந்தக் காய்ச்சல் மாதம் வந்தது. ஆஸ்பத்திரியின் எட்டு சுவாச மெஷினும் ஓய்வில்லாமல் ஓடின. ஒரு புதன்கிழமை காலை, மேடத்தின் மேசையில் ஒரு பழுப்பு நிறக் கோப்பு இருந்தது. மறுநாள் பதினொரு மணிக்குக் குழுக் கூட்டம். ஒன்பதாம் படுக்கைக்காரரின் மெஷினை, இரண்டாம் வார்டில் இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்திக்கு மாற்ற வேண்டும். அவளுக்கு இரண்டு வயதில் குழந்தை. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒன்பது நாளுக்கு முன் பஸ் நிலையத்தில் விழுந்து கிடந்த ஆண், வயது சுமார் எழுபது, பெயர் தெரியவில்லை. அடையாளம்: இடது காதுக்குக் கீழே மச்சம். உடைமைகள்: குடை ஒன்று, பிடியில் செம்புக் கம்பி சுற்றியது. பஸ் டிக்கெட்டுகள் ஆறு, மடித்தவை.

மேடம் கோப்பை மூடினார். கைகழுவிவிட்டு வந்து மறுபடி திறந்தார். எழுத்து மாறவில்லை. பக்கத்து அறையில் எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்கிற ஆள் ஏதோ ஒரு எலும்பைக் கீழே போட்டான். அந்தச் சத்தத்துக்கு மேடம் நாற்காலியோடு ஆடிப்போனார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவரைப் பல பேர் கேலி செய்ததுண்டு. ஏட்டில் இருந்தது எழுந்து வந்து கட்டிலில் படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

நேரமாக ஆக அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று, பயத்தைவிட அது வசதி. இது பிள்ளைகள் செய்த விளையாட்டுத்தான் என்று முடிவு கட்டினார். தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வார்டு டாக்டர் அவருடைய மாணவன், அந்த நாளிலேயே குறும்புக்காரன். கோப்பைத் தூக்கிக்கொண்டு நேராக அவன் அறைக்குப் போய், இது யாருடைய வேலை என்று கேட்டார்.

வார்டு டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கதவைச் சாத்தினான்.

“அவர் உள்ள வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு மேடம். எனக்கு மட்டும் இல்ல, அன்னைக்கு டியூட்டியில இருந்த எல்லாருக்கும். நீங்க யாரையோ நேர்ல பார்த்துத்தான் வகுப்புல சொல்லியிருக்கீங்கன்னு பேசிக்கிட்டோம்.”

“உறவினர் இல்லைன்னு எழுதியிருக்கு. யாரை விசாரிச்சீங்க?”

அவன் நெற்றியைத் தேய்த்தான். போலீஸ்காரர் கேட்டபோதும் யாரும் இல்லை என்றுதான் சொல்லி அனுப்பியதாக ஒப்புக்கொண்டான். பிறகு, தான் சொல்வது தனக்கே இப்போதுதான் காதில் விழுவது போல மெதுவாகச் சொன்னான்.

“விசாரிக்கல மேடம். அவருக்கு யாரும் கிடையாதே. அதான் எல்லாருக்கும் தெரியுமே.”

நினைவு திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறதே, அவர் ஏன் தூங்குகிறார் என்று மேடம் அடுத்துக் கேட்டார். மெஷினில் இருப்பவர்கள் திமிறாமல் இருக்கத் தூக்க மருந்து ஓடும், அதனால் என்றான். அதைத் தினமும் காலையில் நிறுத்தி, எழுகிறாரா என்று பார்க்க வேண்டாமா? இது மேடத்துக்கே தெரிந்த சங்கதி, அவன் படித்த டாக்டர். பார்க்கத்தான் வேண்டும் என்றான் அவன். மற்ற ஏழு பேருக்கும் தினமும் பார்க்கிறார்கள். இவருக்கு மட்டும் ஒன்பது நாளாக யாரும் நிறுத்தவில்லை, ஏன் நிறுத்தவில்லை என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. இவர் தூங்குகிறவர். அது இருபத்தாறு வருடமாக முடிவான விஷயம்.

அங்கே ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, அதுதான் பயங்கரம். எல்லோரும் நல்ல பிள்ளைகள், நன்றாகப் படித்தவர்கள், பாடத்தை மறக்காதவர்கள்.

வார்டு டாக்டர் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக ஒன்பதாம் படுக்கைக்கு அழைத்துப்போனான். போகிற வழியிலேயே மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டான். மெஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. படுக்கையில் இருந்தவரின் முகத்தை மேடம் நேராகப் பார்க்கவில்லை. முதலில் குடையைப் பார்த்தார். கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்தது. கம்பி நாலு சுற்று சுற்றி, முனையை உள்ளே சொருகியிருந்தது. வகுப்பில் அவர் அப்படித்தான் சொல்வார், நாலு சுற்று என்று. பிறகு ஹெட் நர்ஸிடம், வலது விலாவைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

ஹெட் நர்ஸ் மட்டும்தான் அங்கே மேடத்திடம் படிக்காதவர். என்ன ஏது என்று தெரியாமல் போர்வையை விலக்கி, சட்டையைத் தூக்கினார். ஊக்குப் போல வளைந்து, நுனியில் சின்னக் கொக்கியோடு, அந்தத் தழும்பு அங்கே இருந்தது. பழைய தழும்பு போல வெளுத்துக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்தது.

“தெரிஞ்சவங்களாம்மா?” என்று கேட்டார் ஹெட் நர்ஸ்.

மேடத்தால் தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. அவரை ஐம்பத்திரண்டு முறை கொன்றிருக்கிறேன் என்று ஒரு நர்ஸிடம் எப்படிச் சொல்வது? போர்வையைத் தானே இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தார். படி இறங்கும்போது கைப்பிடியை விடவில்லை.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். முன்னறை முழுவதும் தங்கையின் தையல் கடை. வெட்டிய துணிகளுக்கு நடுவே அவள் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தையல் மெஷினை நிறுத்தினாள். மேடம் ஒன்றுவிடாமல் சொன்னார். சாதாரணமாக அக்கா பேச ஆரம்பித்தால் நூல் கோக்கப் போய்விடுகிறவள், அன்று வாயில் இருந்த ஊசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நானாத்தான் கற்பனை பண்ணினேன். சத்தியமா நானாத்தான்” என்று முடித்தார் மேடம்.

“உனக்கு ஏதுக்கா கற்பனை?” என்றாள் தங்கை. “காபிக்குச் சர்க்கரை போட்டோமான்னு உனக்கு நினைப்பிருக்காது. நாலு சுத்துக் கம்பியை நீ எங்க இருந்து பிடிச்சே? வேலைக்குச் சேர்ந்த புதுசுல, அந்தப் பழைய வீட்டுல இருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ல போவியே. ராத்திரியெல்லாம் படிச்சுட்டு பஸ்ல தூங்கிடுவேன், பின் சீட்டுல ஒருத்தர் எழுப்பி விடுவார்னு சொல்வியே. மறந்துட்டியா?”

மேடம் மறந்துதான் போயிருந்தார். அப்படியே மறந்திருந்தார், துடைத்து வைத்தது போல. இப்போது தங்கை சொன்னதும் முதலில் ஞாபகம் வந்தது சத்தம்தான். சீட்டின் இரும்புக் கம்பியில் குடைக் காம்பால் டொக், டொக் என்று இரண்டு தட்டு. பிறகு ஒரு குரல்: ‘அம்மா, உங்க ஸ்டாப்.’ அவ்வளவுதான். இரண்டு வருடம், தினமும் காலையில். மேடம் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, புத்தகத்தை அள்ளிக்கொண்டு இறங்கி ஓடுவார். ஓடுகிற வேகத்தில் ஓரக்கண்ணால் பார்த்தது அந்த மச்சம், அந்தக் குடைப்பிடி, டிக்கெட்டை மடிக்கிற விரல்கள். ஒரு நாளாவது நின்று நன்றி சொன்னாரா? இல்லை. பிறகு கல்லூரிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்தது, பஸ் விட்டுப்போயிற்று. வகுப்பில் கொல்வதற்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது, கைக்கு எட்டிய முகம் அதுதான்.

தன்னைத் தினமும் எழுப்பிவிட்ட மனிதரைத் தான் இருபத்தாறு வருடமாகத் தூங்கவைத்திருக்கிறோம் என்று புரிந்தபோது, மேடம் அந்தத் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்து அழுதார். தங்கை தடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து, மச்சம் சரி, குடை சரி, அந்தத் தழும்பை நீ எப்போது பார்த்தாய் என்று மட்டும் கேட்டாள். பார்த்ததில்லை, பார்த்திருக்கவே முடியாது என்றார் மேடம். தங்கை எழுந்துபோய், வெளிச்சம் இருக்கும்போதே விளக்கைப் போட்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மூவர் குழு கூடியது. மேசையில் ஒரு தாள், அதில் கையெழுத்துக்கு மூன்று கோடுகள். இரண்டு கோடுகள் நிரம்பிவிட்டன. பெரிய டாக்டர் கெட்டவர் அல்ல, தூக்கம் கெட்டவர். இரண்டாம் வார்டுப் பெண் சாயங்காலம்வரை தாங்க மாட்டாள் என்றார். ஒன்பதாம் படுக்கையில் மருந்தை நிறுத்திப் பதினெட்டு மணி நேரமாகிறது, அவர் விரலைக்கூட அசைக்கவில்லை, தெரியும்தானே என்றார். வக்கீல் விதியை எடுத்து வாசித்தார். அதன் கீழே மேடத்தின் பெயர் இருந்தது.

மேடம் தன் விதியைத் தானே எதிர்த்துப் பேசினார். வகுப்பில் அந்தக் கதவுகளை அடைத்தது பிள்ளைகள் யோசிக்காமல் தப்பி ஓடிவிடக் கூடாது என்பதற்காக, வார்டில் அடைக்கச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டார். நீங்கள்தான் சொன்னீர்கள் என்று வக்கீல் விதியின் வரியைத் தொட்டுக் காட்டினார். தன் வாயால் கெட்டது தவளை என்பது மேடத்துக்கென்றே சொல்லிவைத்தது போல இருந்தது. இருந்தாலும் விடவில்லை.

“வேற மெஷினுக்கு எங்கெங்க கேட்டீங்க?”

“ஊர்லயே கிடையாதே மேடம். நீங்கதானே எப்பவும்...” என்று ஆரம்பித்த பெரிய டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். அவரும் ஒருகாலத்தில் மேடத்தின் முதல் வகுப்பில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான். சொந்தக்காரர்களைக் கேட்டால் என்ன என்று முதல் கதவைத் தட்டிய பையன் அவர்தான். பேனாவை மூடி வைத்தார். பிறகு ஹெட் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆறு மைல் தள்ளி இருக்கும் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் மெஷின் ஒன்று சும்மா இருக்கிறது, அங்கே தன் நாத்தனார் வேலை பார்க்கிறாள் என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். ஒன்பது நாளாக ஏன் சொல்லவில்லை என்று வக்கீல் சீறினார். யாரும் கேட்கலையே சார் என்றார் ஹெட் நர்ஸ்.

மெஷின் வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை அந்தப் பெண் தாங்குவாளா என்பது யாருக்கும் தெரியாது. தாங்காமல் மூச்சு விழ ஆரம்பித்தால் கையெழுத்துக் கேட்டு வருவேன், அப்போது மறுக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் அந்தத் தாளை மேடத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார். அதில் நியாயம் இல்லை என்று மேடத்தால் சொல்ல முடியவில்லை. வழியில் இரண்டாம் வார்டின் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கும் முகம் இருந்தது. ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து, வாய் திறந்து, காற்றை எட்டிப் பிடிப்பது போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதாரணத்தில் மேடம் அவளுக்கு மட்டும் ஒரு மச்சம்கூடக் கொடுத்ததில்லை.

ஒன்பதாம் படுக்கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருந்தது. மதியம் வரைதான் நேரம். இந்த முறை மேடம் முகத்தைப் பார்த்தார். வயதாகியிருந்தது, அவ்வளவுதான். அதே மனிதர். சார், ஐயா என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு அசைவும் இல்லை. கால்மாட்டில் இருந்த குடையை எடுத்தார். கட்டிலின் இரும்புக் கம்பியில் டொக், டொக் என்று இரண்டு தட்டுத் தட்டி, அவர் காதருகே குனிந்தார்.

“ஐயா, உங்க ஸ்டாப்.”

கண்கள் திறந்தன. திடுக்கிட்டுத் திறக்கவில்லை. வழக்கமாக இறங்கும் இடத்தில் விழித்துக்கொள்கிறவர் போல நிதானமாகத் திறந்து, மேடத்தைப் பார்த்து, பார்வையை அங்கேயே நிறுத்தின. வாயில் குழாய் இருந்ததால் பேச முடியாது. கை மட்டும் போர்வைக்கு மேல் எதையோ தேடியது. மேடத்தின் கையில் இருந்த தாளில் பட்டதும் அதைப் பற்றி இழுத்தது. மூன்று கோடுகள் போட்ட அந்தத் தாளை அந்த விரல்கள் பாதியாக மடித்தன. மறுபடி பாதியாக மடித்தன. பிறகு நெஞ்சில், சட்டைப்பை இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டன.

அவரைக் கேட்டால் என்ன என்று ஒருத்தி கேட்டாளே, இரண்டாவது கதவு, அது இப்போது திறந்து கிடந்தது. மேடம் கேட்டாரா? இல்லை. பக்கத்து வார்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்ல வாய் எடுத்தார், குரல் வரவில்லை. ஆயிரக்கணக்கான பேரைக் கேள்வி கேட்டவருக்கு ஒரே ஒருத்தரைக் கேட்கத் தைரியம் வரவில்லை. குடையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

மெஷின் ஒன்றேகாலுக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் தாங்கிவிட்டாள். அரை மணி பிந்தியிருந்தால் இதே கதையை நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கும். மேடமும் மிச்ச நாளை வேறு முகத்தோடு கழித்திருப்பார். இது கொள்கையின் வெற்றி இல்லை, அதிர்ஷ்டம். இதை மேடமே யாரிடமும் மறைத்ததில்லை.

அன்று மதியமே ஹெட் நர்ஸ் ஒன்பதாம் படுக்கைக்காரருடைய படத்தைப் போலீசுக்கு அனுப்பினார். யாரும் கிடையாது என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லப்பட்டவருக்கு ஒரு மனைவி, இரண்டு பெண்கள், ஒரு மருமகன், நாலு பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்து ஊரில் பத்து நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் மனைவி வந்து, கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மேடம் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பழைய பஸ் பழக்கம் என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொண்டார். மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது.

பேச்சுவாக்கில் மேடம் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அதுவா, போன வருஷம்தான். படியில விழுந்து ஆணி கிழிச்சிடுச்சு” என்றார் மனைவி.

மேடம் அதை நோட்டில் எழுதியது பதினான்கு வருடங்களுக்கு முன்பு. மேலே ஒன்றும் கேட்காமல் எழுந்துவிடலாம் என்று பார்த்தார். ஆனால் துணைக்கு ஆள் கிடைத்த மனைவி பேசிக்கொண்டே போனார். நல்ல மனுஷன், ஒருத்தருக்குக் கெடுதல் நினைத்ததில்லை, ஒரே ஒரு கஷ்டம்தான், கெட்ட கனவு. வருடத்துக்கு இரண்டு முறை வரும், தப்பவே தப்பாது.

“ஒரு பெரிய ரூமாம். வரிசை வரிசையா வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைங்களாம். எல்லாரும் இவரையே பார்த்துக்கிட்டு ஒண்ணா கையைத் தூக்குவாங்களாம். ‘என்னை ஒரு வார்த்தை கேளுங்களேன்’னு இவர் கத்துவாராம், சத்தம் வராதாம். வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருவாரு. இருபது, இருபத்தஞ்சு வருஷமா இதே கனவுதாம்மா.”

கட்டிலில் இருந்தவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டு, மேடத்தை மட்டும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மேடத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். தூங்கிவிட்ட பயணியைப் பார்க்கிற அக்கறைதான் அதில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவர் தன் காலால் நடந்து, குடையை ஊன்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

மேடம் பழைய விதியைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட்டார். அந்த நோட்டைக் கிழிக்கவில்லை. கிழித்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதில் எழுதிவைத்த தழும்புகூடப் பலித்துவிட்டது, சாவு மட்டும்தான் மிச்சம் அல்லவா? பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். அவள் அதைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

அடுத்த வகுப்பு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகான அதே நேரம், அதே அறை, நூற்று இருபது புதுக் கோட்டுகள். சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருந்ததால் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். மேடம் ஒரு மருத்துவமனை, ஒரே ஒரு மெஷின் என்று தொடங்கினார். மெஷினில் ஒருத்தர் படுத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. யார் முகத்தைச் சொல்வது? எந்த மச்சத்தைச் சொன்னாலும் அது எங்கோ ஒரு காதுக்குக் கீழே இருக்கும். எந்த ஊரில் யார் வேர்த்து எழுந்து உட்காருவார்களோ? மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, மேடையில் இருந்த நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“படுத்திருக்கிறது நான்தான். வயசு அம்பத்தெட்டு. கழட்டலாம்கிறவங்க கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. முன் வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்துக் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, உங்களுக்கு யாராவது இருக்காங்களா மேடம் என்று கேட்டாள். ஒரு தங்கை இருக்கிறாள், தையல் கடை வைத்திருக்கிறாள் என்றார் மேடம். அந்தப் பெண் உட்காரவில்லை. இன்னொரு கேள்வி அவள் வாயில் இருந்தது, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

“கேளும்மா” என்றார் மேடம். “நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்.”